எண்ணப்படாத காய்ச்சல்கள்

மத்திய அரசின் டெங்கு பட்டியலில் 2019-ஆம் ஆண்டுக்கு நேரே தமிழ்நாட்டின் கணக்கு 8,527 நோயாளிகள். மறு ஆண்டில் அது 2,410. இறப்பு ஒன்றுகூட இல்லை. நாடு முழுவதற்குமான கணக்கும் 44,585 ஆகச் சுருங்கியது. கரோனா ஊரடங்கின் ஆண்டு அது. நடமாட்டம் நின்றதால் டெங்குப் பரவலும் தடைபட்டதா? காய்ச்சலோடு மருத்துவமனை வாசலை மிதிக்கவே மக்கள் பயந்தார்களா? ஆய்வகங்கள் கரோனா மாதிரிகளில் மூழ்கிக் கிடந்ததால் டெங்குப் பரிசோதனை குறைந்துபோனதா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வீட்டுக்குள்ளேயே, பகலிலேயே கடிப்பது. எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தது அதற்கு வசதியாகக்கூட இருந்திருக்கலாம். இவற்றில் எது உண்மை என்பதை அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை பேருக்கு நோய் உறுதியானது, எத்தனை பேர் இறந்தார்கள் என்ற இரண்டே எண்கள்தான் அதில் உள்ளன. எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்ற மூன்றாவது எண் இல்லை. அந்த எண்ணையும் சேர்த்து வெளியிடாத எந்த நோய்க் கணக்கையும் அரசு தன் சாதனைக்குச் சான்றாகக் காட்டக் கூடாது என்பதே நம் நிலைப்பாடு.

ஒரு காய்ச்சல் அரசுக் கணக்கில் ஏறுவது எப்படி என்று பார்த்தால் இதன் காரணம் புரியும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த முதல் நாள் மருந்துக்கடையில் பாரசிட்டமால் வாங்கித் தருகிறார்கள். இரண்டாம் நாளும் தணியாவிட்டால் தெருமுனை கிளினிக். அங்கே பெரும்பாலும் எழுதித் தருவது ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்க்கும் சோதனை. தட்டணுக்கள் குறைந்திருந்தால் மட்டுமே டெங்குச் சோதனை. தனியார் ஆய்வகம் அரை மணி நேரத்தில் விடை சொல்லும் அட்டைச் சோதனையைச் செய்கிறது. அதில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தாலும் தேசியத் திட்டத்தின் வரையறைப்படி அந்தக் குழந்தை உறுதிசெய்யப்பட்ட டெங்கு நோயாளி அல்ல. எலிசா என்ற ஆய்வகச் சோதனையில் உறுதியானால்தான் கணக்கு. எலிசாவிலும் நாள் பார்க்க வேண்டும்: காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்குப் பிறகு எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம். மூன்றாம் நாளில் ஐஜிஎம் சோதனை செய்தால், டெங்கு இருந்தும் ‘இல்லை’ என்று வர வாய்ப்பு அதிகம். இத்தனை வாசல்களையும் தாண்டி வந்த காய்ச்சல்தான் புள்ளிவிவரம் ஆகிறது. மற்றவை குழந்தையின் உடம்பில் வந்து, அம்மாவின் கவலையோடு தீர்ந்துபோகின்றன. சில தீராமலும் போகின்றன.

விடுபடுவது எவ்வளவு என்பதற்கு மதுரை மாவட்டத்திலிருந்தே ஒரு விடை கிடைத்திருக்கிறது. அங்கு திரட்டிய தரவுகளையும் சேர்த்துக்கொண்டு அமெரிக்க ஆய்வாளர் டொனால்டு ஷெப்பர்டும் இந்திய ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட மதிப்பீடு, 2006 முதல் 2012 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 57 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவர் கண்டறியும் அளவுக்கு டெங்குவால் நோயுற்றார்கள் என்றது. அரசுக் கணக்கைப் போல அது 282 மடங்கு. மதிப்பீடுதானே என்று ஒதுக்குபவர்கள், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் முன்னின்று நடத்தி 2019-இல் வெளியான ஆய்வைப் பார்க்கட்டும். 5 முதல் 45 வயது வரையிலானவர்களின் ரத்தத்தைச் சோதித்ததில், தென்மாநிலங்களில் 76.9 விழுக்காட்டினருக்கு ஏற்கெனவே டெங்கு தொற்றியிருந்ததற்கான எதிர்ப்பொருள் இருந்தது. டெங்கு தொற்றுபவர்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. ஆகவே இந்த 76.9 விழுக்காட்டை அப்படியே நோயாளிகளின் எண்ணிக்கையாகப் படிப்பதும் தவறுதான். ஆனால் நான்கு வகை டெங்கு வைரஸ்கள் உலவும் இடத்தில், ஒரு வகை தொற்றியவருக்கு வேறொரு வகை இரண்டாம் முறை தொற்றும்போது நோய் கடுமையாகும் அபாயம் கூடுகிறது. நான்கில் மூன்று பேர் அந்த இரண்டாம் முறைக்குக் காத்திருக்கும் மாநிலங்களில், சில ஆயிரங்களில் நிற்கும் ஆண்டுக் கணக்கைக் காட்டி ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்று அறிவிப்பது பொறுப்பான செயல் அல்ல.

மாநிலங்களை ஒப்பிட்டுப் பேசும் அரசியல் இதைவிடக் கேடு செய்கிறது. 2021 ஜூலையில் நாட்டிலேயே நாள்தோறும் மிக அதிகமான கரோனா நோயாளிகளைப் பதிவு செய்த மாநிலம் கேரளம். அதைத் தோல்வி என்று எழுதித் தள்ளினார்கள். அதே மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நான்காவது எதிர்ப்பொருள் ஆய்வு வெளிவந்தது: கரோனா எதிர்ப்பொருள் இருந்தவர்கள் கேரளத்தில் 44.4 விழுக்காடு, ஆய்வு நடந்த மாநிலங்களிலேயே மிகக் குறைவு. மத்தியப் பிரதேசத்தில் 79 விழுக்காடு. தொற்று குறைவாகப் பரவிய மாநிலமே, தேடிக் கண்டுபிடித்துப் பதிவு செய்ததால் மோசமான மாநிலமாகத் தோற்றமளித்தது. அந்த வசவிலிருந்து மற்ற மாநிலங்களின் அதிகாரிகள் கற்கும் பாடம் என்னவாக இருக்கும்? ஆய்வுக் கூட்டத்தில் எண் கூடிய வட்டாரத்தின் மருத்துவ அலுவலர் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும், எண் குறைந்த வட்டாரத்துக்குப் பாராட்டு என்றால், சோதனைக்கு மாதிரி அனுப்பாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு.

தமிழ்நாட்டால் இதைச் சரியாகச் செய்ய முடியும் என்பதற்கும் கரோனா காலமே சாட்சி. 2020 ஜூலை 22 அன்று வெளியான மாநிலச் செய்திக்குறிப்பில், அன்றைய 74 இறப்புகளோடு, சென்னையில் முந்தைய மாதங்களில் விடுபட்ட 444 இறப்புகளும் சேர்க்கப்பட்டன. 2,626 ஆக இருந்த மொத்தம் ஒரே நாளில் 3,144 ஆயிற்று. மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் சுகாதாரத் துறையின் கணக்கும் ஒத்துப்போகவில்லை என்று செய்தியாளர்கள் சுட்டிக்காட்டியதும், அதை ஆராயக் குழு அமைத்ததும், முடிவை மறைக்காமல் வெளியிட்டதும் நடந்தன. இறந்தவரின் வயது, இணைநோய், மருத்துவமனையில் சேர்ந்த நாள், இறந்த நாள் ஆகியவற்றைப் பெயர் இல்லாமல் ஒவ்வொன்றாக அச்சிட்டன அந்நாளையச் செய்திக்குறிப்புகள். ‘இன்றைய இறப்பு’ என்று தொலைக்காட்சியில் ஓடிய எண்ணில் பல நாட்களுக்கு முன் நிகழ்ந்தவையும் கலந்திருந்தன என்பதை அவற்றைப் படித்தவர்கள் அறிந்துகொள்ள முடிந்தது. அன்று தினமும் மாலையில் செய்ததை, டெங்குவுக்கு வாரம் ஒருமுறை செய்யக் கேட்பது மிகை அல்ல.

எல்லா ஆண்டும் கணக்கில் விடுபடத்தானே செய்கிறது, ஏற்ற இறக்கம் தெரிந்தால் போதாதா என்று கேட்கலாம். விடுபடும் பங்கு ஆண்டுதோறும் ஒரே அளவாக இருந்தால் போதும்தான். அப்படி இருப்பதாக நம்ப 2020-இன் கணக்கு இடம் தரவில்லை. அட்டைச் சோதனைகளில் பிழை உண்டு, அவற்றையும் சேர்த்தால் கணக்கு கெடும் என்பது நியாயமான கவலை. உறுதியானவற்றோடு கலக்காமல், ‘சந்தேகத்துக்குரியவை’ என்று தனி வரிசையில் தந்தால் அந்தக் கவலை தீரும். ஊழியர்களுக்கு வேலைப்பளு கூடும் என்பதிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் சோதித்த மாதிரிகளின் எண்ணிக்கை ஒவ்வொரு ஆய்வகப் பதிவேட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது. எஞ்சுவது பீதி கிளம்பிவிடும் என்ற வாதம். சிங்கப்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் முகமை டெங்கு பரவும் இடங்களைத் தெருப் பெயரோடு வெளியிடுகிறது; பத்து பேர் அல்லது அதற்கு மேல் நோயுற்ற பகுதியில் சிவப்புப் பதாகையே கட்டுகிறது. அதைப் பார்ப்பவர் பூந்தொட்டித் தட்டில் தேங்கிய நீரைக் கொட்டுகிறார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சீக்கிரம் மருத்துவரிடம் போகிறார். பீதி கிளம்புவது, எதிர் வீட்டில் ஒரு குழந்தை இறந்திருக்க, செய்தியில் ‘மர்மக் காய்ச்சல்’ என்று மட்டும் வரும்போதுதான்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். டெங்கு கொசு ஒழிப்புப் பணியாளர்கள் எந்தத் தெருவுக்கு முதலில் போக வேண்டும் என்பதைக் கணக்கில் ஏறிய காய்ச்சல்களே தீர்மானிக்கும். கணக்கில் ஏறாத தெருவின் தொட்டிகளில் புழுக்கள் கொசுவாகிப் பறந்துவிடும். மழைக்கு முன்பே மாநில அரசு மூன்றைச் செய்ய வேண்டும். தனியார் ஆய்வகங்களையும் உள்ளடக்கி, வார்டு வாரியாக, சோதித்தவர் எத்தனை பேர், எந்தச் சோதனை, காய்ச்சல் தொடங்கிய நாள் எது என்ற விவரங்களோடு வாரந்தோறும் டெங்குக் கணக்கை வெளியிட வேண்டும். காய்ச்சலால் நேரும் ஒவ்வொரு இறப்பையும் சுகாதாரத் துறைக்கு வெளியே உள்ள வல்லுநர்களும் இடம்பெறும் குழு ஆராய வேண்டும். மூன்றாவது, முதல் இரண்டையும் உயிரோடு வைத்திருக்கப்போவது: மருத்துவ அலுவலர்களை நோயாளிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மதிப்பிடுவதை எழுத்துப்பூர்வமான ஆணையால் நிறுத்திவிட்டு, காய்ச்சல் தொடங்கிய நாளுக்கும் அது பதிவான நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டு மதிப்பிட வேண்டும்.