இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறலையா? மூட்டுவலியும் இருந்தா கவனிங்க

இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநல ஆய்வு (2019-21). அதனால் ஹீமோகுளோபின் குறைஞ்சாலே இரும்புச்சத்து மாத்திரைதான் முதல் பதில். ஆனா முடக்குவாதம் இருந்தால் கதையே வேற.

முடக்குவாதம் ஏன் வருது?

உடலின் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் நோய் இது. எச்எல்ஏ-டிஆர்பி1 மரபணுவின் சில வகைகள் ஆபத்தைக் கூட்டும். ஆனா அவை இருந்தாலே நோய் வந்துடும்னு இல்லை.

இரும்பு எங்கே போகுது?

அழற்சியின்போது உருவாகும் இன்டர்லூகின்-6, கல்லீரலில் ஹெப்சிடின் ஹார்மோனைக் கூட்டுகிறது. அது குடலிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு ரத்தத்துக்கு வரும் வழியை அடைக்கிறது. அக்கவுண்ட்ல பணம் இருக்கு, ஏடிஎம் வேலை செய்யலைங்கிற நிலைமை.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்கணும்?

இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், அழற்சியிலும் உயரும். அதனால் அது 'நார்மல்' என்றாலும் இரும்புக் குறைபாடு ஒளிஞ்சிருக்கலாம்.

காலையில் விரல் மூட்டுகள் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியே இருக்கா? டாக்டரிடம் சொல்லுங்க. சிஆர்பி, டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் பரிசோதனைகள் தேவையான்னு கேளுங்க. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. அழற்சியை அடக்குவதும் ரத்தசோகைக்கான சிகிச்சைதான்.