தோண்டியவர்கள் கணக்கு

சிட்னியில் ஒரு வணிகக் கம்பெனியின் அலுவலகத்தில், கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். பசிபிக் கடலில் உள்ள நவுரு தீவிலிருந்து வந்த கல் அது. கல்லாகிப்போன மரத்துண்டு என்றே நினைத்திருந்தார்கள். 1899இல் ஆல்பர்ட் எல்லிஸ் என்ற ஊழியர் அதைச் சோதித்துப் பார்த்தபோதுதான் உயர்தரப் பாஸ்பேட் என்று தெரிந்தது. நம் விவசாயி அடியுரமாகப் போடும் ‘சூப்பர்’ மூட்டையின் மூலப்பொருள். வேளாண் அலுவலர் மொழியில் மணிச்சத்து. 21 சதுர கிலோமீட்டர் தீவின் தலையெழுத்து அந்தக் கதவடியில் மாறியது.

தலையெழுத்து என்பது, எழுதியவர் யாரென்று தெரியாதபோது சொல்லும் சொல். இங்கே எழுதியவர்கள் யார் என்பதற்கு ஒப்பந்தமே சாட்சியாக இருக்கிறது. 1888இல் தீவை ஜெர்மனி தனதாக்கிக்கொண்டது. 1907இல் முதல் சரக்குக் கப்பல் கிளம்பியது. நிலத்துக்காரருக்கு டன்னுக்கு அரைப் பென்னி. முதல் உலகப்போரில் ஜெர்மனியின் கை தளர, 1919இல் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் உட்கார்ந்து பங்கு பிரித்தன. பிரிட்டனுக்கு 42 சதவீதம், ஆஸ்திரேலியாவுக்கு 42, நியூசிலாந்துக்கு 16. தீவின் மக்களுக்கு அந்தப் பங்கில் இடமில்லை. அதன் பிறகுதான், அம்மக்களின் நலனைக் காக்கும் புனிதக் கடமை என்ற பெயரில், சர்வதேச சங்கம் தீவை அதே மூவர் கையில் ஒப்படைத்தது. வேலியும் பயிரும் பழமொழி நமக்குத் தெரியும். இங்கே மேய்ந்த பிறகு வேலி என்று பெயர் வைத்தார்கள்.

சுரண்டல் என்றால் எல்லோரும் கூலியைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்ப்பதில்லை. நவுருவின் கதையில் விலைதான் முக்கியம். மூன்று அரசுகளும் நடத்திய பிரிட்டிஷ் பாஸ்பேட் ஆணையம், தோண்டிய சரக்கை உலகச் சந்தை விலைக்கு விற்கவில்லை. எடுத்த செலவுக்கே தங்கள் விவசாயிகளுக்குக் கொடுத்தது. லாபமே இல்லாத தொழில் என்று கணக்குப் புத்தகத்தைக் காட்டலாம். காட்டவும் செய்தார்கள். லாபம் புத்தகத்தில் இல்லாமல் புல்வெளியில் இருந்தது. மணிச்சத்து குறைந்த ஆஸ்திரேலிய மண் பசுமையானது. நியூசிலாந்தின் ஆடுகள் கொழுத்தன. சந்தை விலைக்கும் அடக்க விலைக்கும் நடுவில் இருந்த தொகை, நவுருக்காரர் தெரியாமலே அந்தப் பண்ணைகளுக்குக் கொடுத்த மானியம். கொள்ளையடித்தவன் பணத்தோடு பிடிபடுவான். இவர்கள் செழிப்போடு மட்டுமே இருந்ததால் யாரும் பிடிக்கவில்லை.

இரண்டாம் போரில் ஜப்பான் வந்தது. சுமார் 1,200 நவுருக்காரர்களைக் கப்பலேற்றி ட்ரக் தீவுக்கு அனுப்பியது. 1946 ஜனவரி 31 அன்று ஊர் திரும்பியவர்கள் 737 பேர். மண்வெட்டி மீண்டும் இறங்கியது.

தோண்டிய இடம் எப்படி இருக்கும்? தீவின் நடு மேட்டை ‘டாப்சைடு’ என்கிறார்கள். பவளச் சுண்ணாம்புப் பாறைத் தூண்களின் இடுக்குகளில்தான் பாஸ்பேட் அடைந்து கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்த பிறகு தூண்கள் மட்டும் நிற்கின்றன, சதையைத் தின்றுவிட்டு விட்ட மீன்முள் போல. உழ முடியாது, வீடு கட்ட முடியாது. ஒருகாலத்தில் அந்த மேட்டில் புன்னைக் காடு இருந்தது, தாழை இருந்தது. நம் நெய்தல் நிலத்து மரங்கள்தாம். தாழம்பழம் தின்று, மீன் பிடித்து வாழ்ந்த மக்கள் இன்று கப்பலில் வரும் அரிசியையும் டின் இறைச்சியையும் தின்கிறார்கள். சர்க்கரை நோய் மிகுந்த நாடுகளின் பட்டியலில் நவுருவின் பெயர் பல பத்தாண்டுகளாக முன்வரிசையில் இருக்கிறது.

1960களில் ஆஸ்திரேலியா ஒரு யோசனை சொன்னது: குவீன்ஸ்லாந்துக் கரையோரத்து கர்ட்டிஸ் தீவுக்கு எல்லோரும் குடிபோய்விடுங்கள். தனி நாடாக இருக்க அங்கே இடமில்லை என்றதும் நவுருக்காரர்கள் மறுத்துவிட்டார்கள். 1968இல் ஹாமர் டிரோபர்ட் தலைமையில் விடுதலை பெற்றார்கள். நாளும் அதே ஜனவரி 31. ஆனால் தங்கள் மண்ணைத் தோண்டிய தளவாடங்களை 2.1 கோடி ஆஸ்திரேலிய டாலர் கொடுத்து அவர்களே வாங்க வேண்டியிருந்தது.

நாசமான நிலத்தை யார் சீர்செய்வது என்று ஆராய நவுரு ஒரு விசாரணைக் குழு அமைத்தது. தலைவர் இலங்கையின் முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி சி. ஜி. வீரமந்திரி. விடுதலைக்கு முன் தோண்டிய நிலத்துக்கு மூன்று அரசுகளே பொறுப்பு என்றது குழு. 1989இல் நவுரு தி ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்துக்குப் போனது. மூவர் சேர்ந்து செய்ததற்கு என்னை மட்டும் இழுப்பது முறையல்ல என்பது ஆஸ்திரேலியாவின் வாதங்களில் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்காமல் வழக்கை விசாரிக்கலாம் என்று 1992இல் சொன்னது. (இதற்குள் அந்த நீதிமன்றத்தின் நீதிபதியாகிவிட்ட வீரமந்திரி, இந்த வழக்கில் அமரவில்லை. அந்த நாகரிகம் எதிர்த்தரப்புக்கும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்.) தீர்ப்பு வரும்முன், 1993இல், 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே பணம் கொடுத்தார்கள், அதிலும் ஏறத்தாழப் பாதியை இருபது ஆண்டுத் தவணையில்.

நவுருவின் தலைவர்கள் யோக்கியர்கள் என்று நாம் வாதாடவில்லை. கையில் வந்த பாஸ்பேட் பணத்தில் மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். தேவைக்கு மேல் விமானங்கள் வாங்கினார்கள். லியனார்டோ டாவின்சியைப் பற்றிய இசை நாடகத்துக்கு லண்டனில் பணம் போட்டார்கள்; அது சில வாரங்களில் மூடிக்கொண்டது. அடுத்த தலைமுறையின் சோற்றை அவர்கள் தின்றார்கள். அந்தக் குற்றத்துக்கு நவுருவின் பிள்ளைகள் அவர்களிடம் கணக்குக் கேட்கட்டும். ஆனால் ஊதாரி என்று நவுருவைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை, பெட்டகத்தை முதலில் உடைத்தவனுக்கு இல்லை.

பணம் தீர்ந்த நாட்டை விட்டார்களா? 2001 முதல், படகில் அடைக்கலம் தேடி வருவோரை அடைத்துவைக்க அதே தீவை ஆஸ்திரேலியா பயன்படுத்தியது. 2007இல் எண்பதுக்கும் மேற்பட்ட இலங்கையர்களை அங்கே அனுப்பியது, பெரும்பாலும் தமிழர். 2012க்குப் பிறகு வந்த கூடாரங்கள் டாப்சைடில்தான் நின்றன. 2025இல் இன்னொரு ஒப்பந்தம். ஆஸ்திரேலியாவுக்கு வேண்டாதவர்களை ஏற்க முதல் தவணை 40.8 கோடி ஆஸ்திரேலிய டாலர், பிறகு ஆண்டுக்கு 7 கோடி. மண்ணைக் கெடுத்ததற்கு 10.7 கோடி, மனிதர்களைத் தள்ளிவிட 40.8 கோடி. பணவீக்கத்தைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் எது அவசரம் என்பது தெரிகிறது. நவுரு அதை மறுக்க முடியாத நிலைக்கு வந்ததே அந்தப் பழைய மண்வெட்டியால்தான். இதை வறிய நாட்டுக்குச் செய்யும் உதவி என்று சொல்வது பொய்.

கடல் ஏறுகிறது. மக்கள் குடியிருப்பது கரையோரப் பட்டையில். ஒதுங்க உள்ள ஒரே மேடு, தோண்டிய மேடு. அதைச் சமப்படுத்திக் குடியேறப் பணம் வேண்டி, 2025 முதல் நவுரு தன் குடியுரிமையை விற்கிறது. 2025இல் கேட்ட விலை, ஒருவருக்குக் குறைந்தது 1,05,000 அமெரிக்க டாலர். லண்டனும் கான்பெராவும் வெலிங்டனும் இருக்க, முகம் தெரியாத வாங்குவோரை அந்த நாடு தேட வேண்டியதில்லை. டாப்சைடைச் சீராக்கும் செலவு முழுவதும் இந்த மூன்று தலைநகரங்களின் கடன். பிரிக்கும் கணக்கை 1919இலேயே அவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்: 42, 42, 16.