மெக்காலேயை விடுங்கள், பேக்கரைப் பிடியுங்கள்

2035-க்குள் மெக்காலே மனநிலையை உதற வேண்டும் என்று 2025 நவம்பரில் பிரதமர் பேசினாலும் பேசினார், மெக்காலே ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த 1835-ஐ ஆளாளுக்குத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆங்கிலம் வேண்டுமா, வேண்டாமா என்ற பட்டிமன்றத்தைத் தமிழ்நாடு 1968-லேயே இருமொழித் தீர்மானத்தோடு முடித்துவிட்டது. மெக்காலே போய்ச் சேர்ந்தும் நெடுங்காலம். நம் வகுப்பறைகளில் இன்னும் சிவப்பு மையோடு உட்கார்ந்திருப்பவர் ராபர்ட் பேக்கர். அவரைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை.

1770-இல் ஆங்கிலம் பற்றிக் குறிப்பு நூல் ஒன்று எழுதியவர் இந்த பேக்கர். எண்ணக்கூடிய பொருள்களுக்கு ‘லெஸ்’ என்பதைவிட ‘ஃபியூவர்’ தன் காதுக்கு நயமாக இருப்பதாக அதில் சொன்னார். சொந்த ரசனை, அவ்வளவுதான். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆல்ஃபிரட் மன்னர் காலத்து எழுத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ வருகிறது. எட்டரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வழக்கை ஒரு மனிதரின் காது தோற்கடித்துவிட்டது. இன்று ஆரணியில் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ‘லெஸ் தேன் டென் சாரீஸ்’ என்று எழுதினால் மதிப்பெண் போகிறது.

மற்ற விதிகளின் பூர்வீகமும் இப்படித்தான். வாக்கியம் முன்னிடைச் சொல்லில் முடியக் கூடாது என்பது, 1672-இல் கவிஞர் டிரைடன், இறந்து 35 ஆண்டான நாடகாசிரியர் பென் ஜான்சனிடம் கண்டுபிடித்த குறை. ‘எவ்ரிஒன்’ என்று தொடங்கி ‘தேர்’ என்று முடிப்பது தவறு என்கிறார்கள்; அது ஷேக்ஸ்பியரிடமே உண்டு. இந்த மூடநம்பிக்கைகளில் சிலவற்றை 1926-லேயே ஆங்கில வழக்கு நூலாசிரியர் ஃபவுலர் தன் நூலில் கிழித்துத் தொங்கவிட்டார். அந்தச் செய்தி ஆரணிக்கு இன்னும் வந்துசேரவில்லை.

தமிழ் படித்த நமக்கா இது புரியாது? மாட்டைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்றால் அது வழு. ஆனால், அன்பினால் சொன்னது என்பதால் வழுவமைதி. நாளை வரப்போகிறவரை ‘நாளை வருகிறார்’ என்கிறோமே, அதற்கும் இடம் உண்டு. ஊர் வாய் மாற்றிய சொல்லுக்கு மரூஉ என்று பெயர் சூட்டி நன்னூலார் உள்ளே அழைத்துக்கொண்டார். வழக்குக்கு வழிவிடும் இப்படியொரு இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தவர் மொழிக்குக் காவல் நாயாக நிற்கிறோம்!

ஆங்கிலமே நம் வழக்குக்கு வழிவிடுகிறது: நம்மூர் ‘ப்ரீபோன்’ அகராதி ஏறிவிட்டது. 2016-இல் ‘ஐயோ’வே ஆக்ஸ்ஃபோர்டுக்குள் நுழைந்துவிட்டது. ‘டூ த நீட்ஃபுல்’ என்பது இங்கிலாந்துக்காரர்களே எழுதிப் பழகியது; இன்று அதை எழுதும் நம் குமாஸ்தாவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ‘அப்படியானால் ஹி கோ என்றும் எழுதலாமா?’ என்று கேட்பவர்களுக்குத் தறிமேடையில் பதில் இருக்கிறது: பாவில் இழை அறுந்தால் பழுது, கரைக்கு வேறு நிறம் கொடுத்தால் அது புது ரகம். நேர்காணலில் கேலி செய்வார்களே என்பது இன்னொரு கூச்சல். கேலி செய்பவர் படித்ததும் இந்த விதிகளை ஒப்பிக்கும் கடைச்சரக்கு வழிகாட்டி நூலைத்தான்.

(ஆரணிக்கே ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துக்கூட்டல்கள். ரயில் நிலையப் பலகையில் ஒன்று, தொகுதிப் பட்டியலில் வேறொன்று. யார் மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்?)

இதற்குப் பத்தாண்டுத் திட்டமெல்லாம் தேவையில்லை. ‘இரு வடிவங்களும் ஏற்கப்படும்’ என்று அரசுத் தேர்வுகள் இயக்ககம் விடைக்குறிப்பில் ஒரு வரி சேர்க்கட்டும். முதல் தலைமுறைப் பிள்ளைகளின் ஆங்கில பயத்தில் பாதி அந்த ஆண்டே ஒழியும். ஸ்போக்கன் இங்கிலீஷ் மையங்களில் பாதியும் கடையைக் கட்டிவிடும்.