பதினேழரை வயசுல ராணுவத்துக்குப் போகலாமா? கல்வராயன் மலைப் பசங்களும் பெற்றோரும் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

ஓட்டுப் போட 18 வயது ஆகணும். கியர் பைக் லைசென்ஸுக்கும் 18. ஆனால் ராணுவத்தில் சேர 17½ வயது போதும். 2022 ஜூன் 14-ல் மத்திய அரசு அறிவித்த 'அக்னிபாத்' திட்டத்தின் குறைந்தபட்ச வயது இதுதான். எல்லையில் பதற்றம் வரும்போதெல்லாம் பிளஸ் டூ படிக்கிற பசங்க வீட்டில் ஒரே கேள்வி: "இந்த வயசுல அனுப்பலாமா?" கள்ளக்குறிச்சி, சங்கராபுரம், வெள்ளிமலை பக்கம் இது வெறும் டிவி விவாதம் இல்லை, வீட்டுக் கணக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியச் சட்டப்படி 18 வயது ஆகாதவர் குழந்தை. அப்படின்னா 17½ வயதில் எப்படிச் சேர்க்கிறாங்க? பதில் ஒரு சர்வதேச ஒப்பந்தத்தில் இருக்கு. போர்களில் குழந்தைகளை ஈடுபடுத்துவதைத் தடுக்க ஐ.நா. 2000-ல் ஒரு கூடுதல் ஒப்பந்தம் கொண்டுவந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைக் கட்டாயப்படுத்திப் படையில் சேர்க்கக் கூடாது, நேரடிச் சண்டையில் இறக்கக் கூடாது என்பது அதன் சாரம். அரசுப் படைகள் 16 வயதுக்கு மேல் விருப்பத்தின் பேரில் சேர்க்கலாம், பாதுகாப்பு நிபந்தனைகளோடு.

இந்தியா 2005-ல் இதை ஏற்றது. அப்போது கொடுத்த உறுதிமொழி: சேர்க்கை முழுக்க விருப்பத்தின் பேரில்தான், பயிற்சி முடித்தவர் 18 வயது ஆன பிறகே சண்டை நடக்கும் பகுதிக்கு அனுப்பப்படுவார். எளிமையா சொன்னா, 17½ வயதில் கிடைப்பது பயிற்சி மைதானத்துக்கான அனுமதி, போர்முனைக்கு இல்லை. பயிற்சியே சுமார் ஆறேழு மாதம் என்பதால் அது முடியும்போது 18 தாண்டிவிடும். 18 ஆகாதவர் சேர பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து கட்டாயம்.

அரசு அல்லாத ஆயுதக் குழுக்களுக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. தீவிரவாத அமைப்பு என்று அறிவிக்கப்பட்ட குழு ஒரு குழந்தையைச் சேர்த்தால் 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின்படி 7 ஆண்டு வரை கடுங்காவல், 5 லட்சம் ரூபாய் அபராதம்.

17 வயசு உடம்பும் மனசும் தயாரா?

ஓட்டத்தில் 17 வயசுப் பையன் 25 வயசுக்காரரை முந்திடலாம். ஆனால் ஓடுவது வேற, பாரம் தூக்கிக்கிட்டு மாதக்கணக்கில் நடப்பது வேற. அந்த வயதில் எலும்பு வளர்ச்சி பலருக்கு முழுசா முடிந்திருக்காது. திடீரென்று பயிற்சிச் சுமை கூடினால் எலும்பில் நுண்விரிசல் விழும் ஆபத்து உண்டு.

மனசு விஷயம் இன்னும் முக்கியம். ஆபத்தை எடைபோடுவது, அவசரத்தில் நிதானிப்பது போன்ற வேலைகளைச் செய்யும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கும். 'பயம் தெரியாத வயசு' என்று பெரியவங்க சொல்வது இதைத்தான். போரில் அது பலமும்தான், பலவீனமும்தான்.

"கார்கில் வீரர் யோகேந்திர சிங் யாதவுக்கு 19 வயசுதானே?" என்று கேட்கலாம். உண்மைதான். 1999-ல் டைகர் ஹில்லில் காட்டிய வீரத்துக்காக 19 வயதில் பரம் வீர் சக்ரா பெற்றவர் அவர். ஆனால் அவர் 16 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். போர்முனைக்குப் போகும்போது இரண்டு வருடத்துக்கு மேல் பயிற்சியும் அனுபவமும் இருந்தது. அந்த இடைவெளிதான் கவனிக்க வேண்டியது.

போர் நடக்கும் நாடுகள் என்ன செய்யுது?

ரஷ்யாவோடு போரிடும் உக்ரைனில் ஆள் பற்றாக்குறை கடுமை. அப்படியிருந்தும் 2024 ஏப்ரலில் கட்டாய அணிதிரட்டல் வயதை 27-லிருந்து 25-ஆகத்தான் குறைத்தது. 18 வரை குறைக்கச் சொல்லி அமெரிக்கா வலியுறுத்தியும் ஒத்துக்கொள்ளவில்லை. விருப்பப்பட்டு வருபவர்கள் 18-ல் சேரலாம். இளம் தலைமுறையை இழந்தால் நாட்டை மறுபடி கட்ட ஆள் இருக்காது என்ற கவலைதான் காரணம்.

நமக்கு இன்னும் பக்கத்தில் இலங்கை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களைச் சண்டைக்கு அனுப்ப மாட்டோம் என்று 1998-ல் ஐ.நா. பிரதிநிதி ஓலாரா ஒட்டுன்னுவிடம் விடுதலைப் புலிகள் உறுதி கொடுத்தார்கள். ஆனால் 2003 முதல் 2008 வரை மட்டும் புலிகள் சிறாரைச் சேர்த்ததாக 6,000-க்கும் மேற்பட்ட புகார்களை யுனிசெஃப் பதிவு செய்தது. பிரிந்துபோன கருணா தரப்பு மீதும் இதே புகார். 'வீட்டுக்கு ஒருத்தர்' என்ற நிலை வந்தபோது, பிள்ளைகளை ஒளித்துவைத்த தாய்மார்கள் வன்னியில் இருந்தார்கள். போர் நீள நீள, வயது வரம்புதான் முதலில் உடையும். விதியை அமைதிக் காலத்திலேயே இறுக்கமாக வைக்கணும் என்பது இதனால்தான்.

கல்வராயன் மலைக்கு இதுல என்ன?

கள்ளக்குறிச்சி 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். ராணுவ ஆள்சேர்ப்புக்கு சென்னை அலுவலகத்தின் கீழ் வருது. கல்வராயன் மலையில் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மரவள்ளி, சாமை, கடுக்காய்தான் வருமானம். அது பத்தாமல் வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் அதிகம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்த பிறகு, இந்த மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்து சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து வழக்கு எடுத்தது.

இப்படிப்பட்ட ஊரில் 'விருப்பத்தின் பேரில்' என்ற வார்த்தைக்கு அர்த்தம் கொஞ்சம் மாறும். கல்லூரி தூரம், கையில் காசு இல்லை, வேற வேலை இல்லை. அப்போ ராணுவம் ஒரு தேர்வா, இல்லை ஒரே வழியா? தேசத்துக்காகப் போவதும் பெருமை, குடும்பத்துக்காகப் போவதும் தப்பில்லை. ஆனால் வேற வழி இருந்து தேர்ந்தெடுத்தால்தான் அது முழு விருப்பம்.

காசுக் கணக்கு

2022 அறிவிப்புப்படி முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000 ரூபாய். 30 சதவீதப் பிடித்தம் போக கைக்கு 21,000. நான்காம் வருடம் 40,000, கைக்கு 28,000. வெளியே வரும்போது 'சேவா நிதி' சுமார் 11.71 லட்சம். இதில் 5 லட்சத்துக்கும் மேல் அவர் சம்பளத்தில் பிடித்ததே, அதே அளவு அரசு போடுது, மீதி வட்டி. பணியில் இருக்கும்வரை 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடும் உண்டு.

நாலு வருடம் கழித்து அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் நிரந்தரப் பணிக்குத் தொடர்வார்கள். மற்றவர்களுக்கு பென்ஷன் கிடையாது. 17½-ல் சேர்ந்தவர் 21½ வயதில் வீடு திரும்புவார். அப்போ கையில் படிப்பு இருக்குமா என்பதுதான் கேள்வி.

அப்போ என்ன முடிவு?

சட்டப்படி 17½ வயதில் சேரலாம். ஆனால் சேரலாம் என்பதால் அன்றைக்கே சேர்ந்தாகணும் என்று இல்லை. அறிவிக்கப்பட்டபோது உச்ச வயது 21. அதனால் பிளஸ் டூவை முடித்து, 18 ஆன பிறகு முயற்சி செய்தாலும் வாய்ப்பு கையை விட்டுப் போகாது. அந்த ஒரு வருடத்தில் உடம்பும் தேறும், சான்றிதழும் கையில் இருக்கும். சாதிச் சான்று, இருப்பிடச் சான்றை முன்னாடியே வாங்கி வைப்பது நல்லது. வயது வரம்பு வருடத்துக்கு வருடம் மாறலாம், அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கோங்க.

பெற்றோர் கையெழுத்து போடும் முன் மூணு கேள்வி கேளுங்க. பையன் நிஜமாவே போக ஆசைப்படுறானா? நாலு வருடம் கழிச்சு என்ன செய்வான்? போர் வந்தா அவன் எங்கே நிற்பான் என்று அவனுக்கே தெரியுமா? மூணுக்கும் தெளிவான பதில் இருந்தால் தைரியமா கையெழுத்து போடலாம். ஒன்றுக்குக்கூட பதில் இல்லைன்னா, ஆறு மாதம் பொறுத்தால் எதுவும் குறைந்துவிடாது.