பல்கலைக்கழகச் செலவு யார் தலையில்?

2024 ஜூலை 23 அன்று நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்யப்பட்ட 2024-25ஆம் ஆண்டு பட்ஜெட், பிப்ரவரி மாத இடைக்கால பட்ஜெட்டில் போடப்பட்ட ஒரு வெட்டைச் சத்தமின்றி உறுதி செய்தது. பல்கலைக்கழக மானியக் குழுவுக்கு 2023-24ஆம் ஆண்டுத் திருத்திய மதிப்பீட்டில் 6,409 கோடி ரூபாய் இருந்தது. 2024-25இல் 2,500 கோடி ரூபாய். ஐந்தில் மூன்று பங்கு ஒரே ஆண்டில் மறைந்துவிட்டது. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீட்டைத் தனியே உயர்த்தியதாக அரசு சொன்னது. உயர்த்தியது உண்மைதான். ஆனால் 2021-22இல் உயர்கல்வி பயின்ற 4.33 கோடி மாணவர்களில் மத்தியப் பல்கலைக்கழகங்களில் இருப்போர் சிறு பகுதியினரே. பெரும்பாலோர் படிப்பது மாநிலப் பல்கலைக்கழகங்களிலும் அவற்றோடு இணைந்த கல்லூரிகளிலும். அவர்களுக்கு இந்த உயர்வால் ஆவது ஒன்றுமில்லை.

தேசிய வருமானத்தில் 6 விழுக்காடு கல்விக்கு வேண்டும் என்று 1966இல் கோத்தாரி கமிஷன் பரிந்துரைத்தது. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும் அதே 6 விழுக்காட்டைத் திருப்பிச் சொல்கிறது. இடைப்பட்ட காலத்தில் ஓர் ஆண்டிலும் அந்த இலக்கு எட்டப்படவில்லை.

அரசு கையை விரிக்கும்போது அந்தச் செலவு எங்கே போகிறது? 2019ஆம் ஆண்டு டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் நடந்தது இதற்கு விடை தருகிறது. ஊதியமல்லாத செலவுகளின் பற்றாக்குறையை உள்வருவாயிலிருந்தே ஈடுகட்டிக்கொள்ளுமாறு மானியக் குழு கூறிவிட்டது என்றும், விடுதிகளில் வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குக் கூலி கொடுக்க அதன் நிதியில் இடமில்லை என்றும் நிர்வாகம் அறிவித்தது. 45 கோடி ரூபாய் பற்றாக்குறை என்றது. இருவர் தங்கும் அறையின் மாத வாடகை 10 ரூபாயிலிருந்து 300 ரூபாயாக்கப்பட்டது. அதுவரை இல்லாத சேவைக் கட்டணமாக மாதம் 1,700 ரூபாய் சேர்க்கப்பட்டது. உள்வருவாய் என்ற அழகான சொல்லுக்குப் பொருள் மாணவரின் பெற்றோருடைய வருவாய் என்பதே.

அந்தப் பெற்றோர் யார்? 2017-18இல் அங்கு சேர்ந்த மாணவர்களில் 40 விழுக்காட்டினர் மாதம் 12,000 ரூபாய்க்கும் குறைவான வருமானமுள்ள குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் என்று பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கையே கூறியது. வாடகையும் சேவைக் கட்டணமும் சேர்ந்து 2,000 ரூபாய். சாப்பாட்டுக்கு ஒரு பைசா எடுத்து வைக்கும் முன்பே வீட்டு வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். வீட்டில் படிக்க இன்னொரு பெண்பிள்ளை இருந்தால் யாருடைய படிப்பு முதலில் நிற்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விடக் கொடியது, கழிவறையைச் சுத்தம் செய்யும் தொழிலாளியின் கூலியை விவசாயக் கூலியின் மகன் கொடுக்க வேண்டும் என்று இரு ஏழைகளை எதிரெதிரே நிறுத்திய ஏற்பாடு.

அரசிடம் பணம் இல்லை என்பதும் கதையே. விடுதிக் கட்டண உயர்வுக்குச் சிறிது காலம் முன்பு, 2019 செப்டம்பரில், கார்ப்பரேட் வரி 30 விழுக்காட்டிலிருந்து 22 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதனால் ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று நிதியமைச்சரே அறிவித்தார்.

வெட்டு எப்போதும் வெட்டு என்ற பெயரில் வருவதில்லை. 2017இல் அமைக்கப்பட்ட உயர்கல்வி நிதி முகமை, கட்டடத்துக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் கொடுக்க வேண்டிய மானியத்தைக் கடனாக்கியது. கடனைக் கட்டக் கட்டணத்தைத் தவிர நிறுவனங்களுக்கு வேறு வழி அதிகமில்லை. சிறுபான்மை ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையோ, மற்றத் திட்டங்களோடு ஒன்றன்மேல் ஒன்று படிகிறது என்ற காரணம் காட்டி 2022இல் அடியோடு நிறுத்தப்பட்டது. கொல்கத்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் அதே ஆண்டில் முன்னாள் மாணவர்களிடம் நிதியுதவி கேட்கும் நிலைக்கு வந்தது. மிகக் குறைந்த கட்டணத்தில் பொறியியல் கற்பித்து வந்த நிறுவனம் அது.

2021-22ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, கல்லூரி செல்லும் வயதினரில் சேர்க்கை விகிதம் 28.4. தலித்துகளுக்கு 25.9, பழங்குடியினருக்கு 21.2. இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் மலிவான விடுதியும் சேர்ந்து பல பத்தாண்டுகளில் இந்த இடைவெளியை இவ்வளவுக்குக் குறுக்கியிருக்கின்றன. இதில் முதலாவதை மட்டும் சட்டப் புத்தகத்தில் விட்டுவைத்து, மற்ற இரண்டையும் உருவிக்கொண்டால், ஒதுக்கப்பட்ட இடம் இருக்கும். உட்கார ஆள் இருக்க மாட்டார்.

ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாணவர்கள் அன்று தடியடியையும் தாங்கித் தெருவில் நின்றார்கள். முதலில் சில சலுகைகள் வந்தன. 2020 ஜனவரியில், பழைய கட்டணத்திலேயே பதிவு செய்துகொள்ள அனுமதிக்குமாறு டெல்லி உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. பொதுக்கல்விக்கு நிதி தரும் பொறுப்பிலிருந்து அரசு விலகிவிட முடியாது, ஒப்பந்தத் தொழிலாளரின் ஊதியச் சுமையை மாணவர் மீது ஏற்ற முடியாது, யாராவது அந்தப் பணத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும் என்று விசாரணையின்போது நீதிபதி கூறினார். நான்காண்டுகளுக்குப் பின் வந்த 2024-25 பட்ஜெட்டில் மானியக் குழுவுக்கு எதிரே எழுதப்பட்டிருந்தது 2,500 கோடி.