‘யூஸ்ட் டு’ என்று எழுதமுதல்

எங்கட அன்புவழிபுரத்தில் ஏ.எல். முடித்து வேலை தேடும் எல்லோரிடமும் ஓர் இங்கிலீஷ் விண்ணப்பக் கடிதம் இருக்கும். நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலுக்கு நண்பன் ஒருவன் எழுதியதை அண்மையில் சேர்ந்திருந்து வாசித்தோம். அதில் ஒரு வரி: ‘ஐ யூஸ்ட் டு வேர்க் ஹார்ட்.’

‘நான் கடுமையா வேலை செய்யிறனான்’ என்பதுதான் அவன் சொல்ல வந்தது. ஆனால் அந்த வசனத்துக்கு அர்த்தம், ‘முந்தி கடுமையா வேலை செய்தனான், இப்ப இல்லை’ என்பது. இப்படி எழுதினவனுக்கு யார் வேலை கொடுப்பார்?

பிழை எங்கிருந்து வருகிறது? வழக்கமாகச் செய்வதைச் சொல்ல எங்களிடம் ‘செய்யிறனான்’ இருக்கிறது. அதற்குச் சோடியாக ஒன்றைத் தேடி ‘யூஸ்ட் டு’வை ஒட்டிவிடுகிறோம். உண்மையில் ‘ஐ வேர்க் ஹார்ட்’ என்றாலே போதும்.

‘பாஸ்ட் அவுட்’டும் இப்படித்தான். பள்ளிக்கூடம் முடித்ததைச் சொல்ல அதை எழுதுகிறோம். வெளிநாட்டு முகாமையாளர் வாசித்தால் மயங்கி விழுந்ததாக நினைக்கலாம். ‘ஃபினிஷ்ட் ஸ்கூல்’ என்றால் குழப்பமில்லை. கேள்வி கேட்க ‘ஐ ஹாவ் எ டவுட்’ என்று எழுதினால், நம்பிக்கை இல்லை என்பதுபோல் படும். ‘ஐ ஹாவ் எ குவெஸ்சன்’ போதும்.

அதற்காக எல்லாமே பிழை இல்லை. ‘டூ த நீட்ஃபுல்’ என்று எழுதினால் சிரிக்கிற ஆட்கள் இருக்கினம். அது நாங்கள் உண்டாக்கினது இல்லை. பிரித்தானியர் ஒரு காலத்தில் தாங்களே எழுதி, பிறகு கைவிட்டது. எங்கட கந்தோர்களில் அது இன்னும் இருக்கிறது. அர்த்தம் மாறாத இடத்தில் வெட்கம் தேவையில்லை.

சிங்களத்தில் இங்கிலீஷுக்கு ‘கடுவ’ என்று ஒரு பட்டப்பெயர். வாள் என்று அர்த்தம். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தமோ அதை இணைப்பு மொழி என்கிறது. இணைப்பு மொழியை வாளாக்குவது அடுத்தவர் பிழைக்குச் சிரிக்கிற எங்கட பழக்கமும்தான். சிரிக்காமல் திருத்திக் கொடுப்போம்.

நாங்கள் சொல்ல வருவது இதுதான்: சொற்றொடரைத் தனியாகப் பாடமாக்காமல், முழு வசனத்தோடு படியுங்கோ. எழுதினதைத் திருப்பித் தமிழில் சொல்லிப் பாருங்கோ, நினைத்ததுதான் வருகிறதா? அரச அலுவலகத்துக்கு என்றால் தமிழிலேயே எழுதலாம், அது எங்கட உரிமை.

நண்பன் அந்த வரியைத் திருத்தி அனுப்பிவிட்டான். உங்கட கடிதத்தையும் ஒருக்கா எடுத்துப் பாருங்கோ.