கவுத்திமலை இரும்பு: தோண்டுறதைவிட அரைக்கிறதுதான் பெரிய சிக்கல்!

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் இருந்து அதிக தூரமில்லை கவுத்திமலை. அங்கேயும் வேடியப்பன்மலையிலும் இரும்பு எடுக்க 2000-களில் டிட்கோவும் ஜிண்டாலும் சேர்ந்து திட்டம் போட்டபோது, சுற்றுவட்டார மக்கள் கடுமையாக எதிர்த்தனர். பேச்செல்லாம் காடு அழிவதைப் பற்றித்தான். நியாயம்தான். ஆனா, தோண்டி எடுத்த பிறகு என்ன நடக்கும்?

இங்கே இருப்பது மேக்னடைட் குவார்ட்சைட். காந்தம் இழுக்கும் இரும்புத்தாதுவும் வெறும் கல்லும் பட்டை பட்டையாகப் பின்னிக்கிடக்கும் பாறை. இரும்பு 35-40 சதவீதம்தான். பல்லாரியின் நல்ல ஹெமடைட்டில் 60-ஐத் தாண்டும். உடைச்சு, சலிச்சு அனுப்பிடலாம். இதை மாவு மாதிரி அரைச்சு, தண்ணியில் கரைச்சு, காந்த உருளையில் ஓட்டினால்தான் தாது பிரியும். மீதி, ஏறக்குறைய பாதி, கழிவுச் சேறு.

சேலம் பக்கம் அந்தக் காலத்தில் ஓடைக் கருமணலை அலசியே சின்ன உலைகளில் உருக்கினாங்க. 1830-களில் ஜோசையா ஹீத் சேலம் தாதுவைப் பரங்கிப்பேட்டைக்குக் கொண்டுபோய் விறகுக்கரியில் உருக்கினார், தொழில் நிலைக்கவில்லை.

அரைக்கும் முறை பிரமாண்டமாக வந்தது கர்நாடகாவின் குதிரேமுக்கில். 1976-ல் ஈரானை நம்பித் தொடங்கிய நிறுவனம் (புரட்சி வந்ததும் ஈரான் கழன்றுகொண்டது தனிக்கதை). அரைத்த தாது 67 கி.மீ. குழாயில் கூழாக மங்களூரு போனது. சேற்றைத் தேக்க லக்யா அணை. உச்ச நீதிமன்ற உத்தரவால் 2005 கடைசியில் சுரங்கம் நின்றது. சேறு இன்னும் அங்கேயே கிடக்கு.

குதிரேமுக்கில் மழை கொட்டும். திருவண்ணாமலை விவசாயத்துக்கு ஏரியும் கிணறும்தான். அரைக்கும் ஆலைக்குத் தண்ணி எங்கிருந்து வரும்? சேற்றை எந்த ஊர் ஏரிக்கு மேலே தேக்குவாங்க?